உங்கள் மோடம் எந்த மொழி பேசும்? லினக்ஸ், பிஎஸ்டி லேப்டாப்பில் மோடமும் கார்டும்

அக்கா மகன் திருநெல்வேலியிலிருந்து ஓர் இரவு போன் செய்தான். "மாமா, டாங்கிளைச் செருகினா சிடின்னு காட்டுது. நெட் வரவே இல்ல. லினக்ஸ்ல இது ஓடாதா?" கல்லூரி விடுதியில் இருக்கிறான். பழைய லேப்டாப் ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருக்கிறான். விடுதி வைஃபை பதினொரு மணிக்கு நின்றுவிடுமாம். வீட்டு மேசை டிராயரில் பல வருடமாகக் கிடந்த 3ஜி டாங்கிளையும் (சிம் போட்டு யுஎஸ்பியில் செருகும் குட்டி மோடம்) ஒரு பிஎஸ்என்எல் சிம்மையும் கையோடு எடுத்துப் போயிருந்தான்.

ஓடும் என்றேன். ஏன் ஓடும், ஏன் இப்போது ஓடவில்லை என்று சொல்லத் தொடங்கியதில் ஒரு மணி நேரம் போய்விட்டது. அன்று அவனுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். லினக்ஸ் போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது, டெர்மினலைத் திறக்கவே கை தயங்குகிறது என்பவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழில் ஒலிபெயர்த்திருக்கிறேன். லினக்ஸ் கட்டளைகளைத் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி என்று நான் சொல்கிற இடம் தவிர வெளிவிடாமல் தட்டுங்கள்.

ஒரு மோடமோ கார்டோ நம் லேப்டாப்பில் ஓடுமா என்று கேட்டால், "எந்தக் கம்பெனி?" என்று விசாரிப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். கம்பெனி பெயரை வைத்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒரே பெயரில், ஒரே அட்டைப்பெட்டியில், உள்ளே வேறு வேறு சிப் வரும். நான் முதலில் கேட்பது வேறு: இந்தக் கார்டு இயங்குதளத்தோடு எந்த மொழியில் பேசும்? எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்த பொது மொழியில் பேசினால் லினக்ஸிலும், அதைப் போன்ற பிஎஸ்டி குடும்பத்து இயங்குதளங்களான ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டியிலும் ஓடும். தயாரித்தவருக்கு மட்டுமே தெரிந்த மொழியில் பேசினால், அவர் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் நிரல், எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் யாராவது மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த மொழியைக் கண்டுபிடிக்க வேண்டும். நாற்பது வருட மோடம் கதையே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏடி என்றால் ஓகே

பொது மொழிக்கு நல்ல உதாரணம், தொலைபேசிக் கம்பியில் இணைத்த பழைய மோடம். 1981இல் ஹேஸ் நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. வேகம் வினாடிக்கு 300 பிட்தான். ஆனால் அதற்குக் கட்டளை கொடுக்கும் முறையை மிக எளிமையாக அமைத்திருந்தார்கள். ஏ, டி என்ற இரண்டு எழுத்து தட்டினால், 'இங்கே கவனி' என்று அர்த்தம். மோடம் உயிரோடு இருந்தால் "ஓகே" என்று பதில் எழுதும். ஏடிடிடி என்று தட்டிப் பின்னால் போன் எண்ணைச் சேர்த்தால் டயல் செய்யும். ஏடிஎச் என்றால் இணைப்பைத் துண்டிக்கும்.

மற்ற நிறுவனங்களும் அதே கட்டளைகளைப் பின்பற்ற ஆரம்பித்தன. அதனால் சீரியல் போர்ட் (எழுத்துகளை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் இணைப்பு) இருக்கிற எந்தக் கணினியிலும், எந்த இயங்குதளத்திலும், எந்த மோடமும் வேலை செய்தது. தனி டிரைவர் தேவையே இல்லை. சீரியல் போர்ட்டில் எழுத்து அனுப்பத் தெரிந்தால் போதும். இன்று 4ஜி டாங்கிளைத் திறந்து பார்த்தாலும் அதே ஏடி உள்ளே இருக்கிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம், பின்னால் சொல்கிறேன்.

இந்த ஏற்பாடு தொண்ணூறுகளின் இறுதியில் கெட்டது. மோடத்துக்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, ஏடி கட்டளையைப் படித்துப் புரிந்துகொள்வது. இன்னொன்று, பிட்டுகளைக் கம்பியில் போகக்கூடிய ஒலியாக மாற்றுவதும் வரும் ஒலியைப் பிட்டுகளாக்குவதும். முழு மோடத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சிப் இருக்கும். விலையைக் குறைக்க நினைத்தவர்கள் முதலில் கட்டளை படிக்கும் சிப்பை எடுத்தார்கள். பிறகு ஒலியாக்கும் சிப்பையும் எடுத்தார்கள். மிஞ்சியது ஏறக்குறைய ஒரு சவுண்ட் கார்டும் தொலைபேசி சாக்கெட்டும்தான். வேலை முழுவதையும் லேப்டாப்பின் பிராசசரே செய்யும். அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. வின்மோடம் என்ற பெயர் அப்படி வந்தது. அது யுஎஸ் ரோபாட்டிக்ஸின் வணிகப் பெயர். காலப்போக்கில் இந்த வகை மோடம் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

2000ஐ ஒட்டி வந்த லேப்டாப்களில் உள்ளே வைத்த மோடம் பெரும்பாலும் இந்த வகைதான். லினக்ஸ் போட்டவருக்குச் சாக்கெட் கண்ணுக்குத் தெரியும், டயல் டோன் வராது. லூசென்ட் சிப்புக்கு ஒரு டிரைவர், ஸ்மார்ட்லிங்க் சிப்புக்கு ஒன்று, கோனெக்சன்ட் சிப்புக்கு ஒன்று என்று தேடி அலைந்த காலம் அது. கோனெக்சன்ட் மோடங்களுக்கு லினக்ஸண்ட் என்ற நிறுவனம் டிரைவர் விற்றது. இலவசமாக இறக்கினால் வேகம் 14.4 கிலோபிட்டோடு நின்றுவிடும். முழு 56 கிலோபிட் வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும்.

அந்த டிரைவரை ஒட்டி 2004இல் நடந்ததைச் சற்று நின்று பார்க்கலாம். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு டிரைவரையும் ஏற்றும்போது அதன் உரிம வரியைப் படிக்கும். திறந்த மென்பொருள் உரிமமான ஜிபிஎல் என்று இருந்தால் பேசாமல் ஏற்றிக்கொள்ளும். மூடிய உரிமம் என்றால், 'இந்தக் கெர்னலில் வெளியாள் கலந்திருக்கிறான்' என்று குறித்து வைக்கும். பின்னால் கணினி முடங்கினால் எங்கே தேட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. சி என்ற நிரல் மொழியில் ஓர் எழுத்துத் தொடர் எங்கே முடிகிறது என்பதைப் பூஜ்ய எழுத்து ஒன்று காட்டும். லினக்ஸண்ட் டிரைவரின் உரிம வரியில் ஜிபிஎல் என்ற மூன்றெழுத்து முடிந்ததும் அந்தப் பூஜ்யம் இருந்தது. 'இது இந்த அடைவில் உள்ள கோப்புகளுக்கு மட்டும்' என்ற பொருளில் மீதி வரி அதன் பிறகு வந்தது. கெர்னல் பூஜ்யத்தைக் கண்டதும் நின்றுவிடும்; படித்தது ஜிபிஎல் மட்டும்; குறிப்பும் எழுதாது. எச்சரிக்கை வரிகள் திரும்பத் திரும்ப வந்து பயனர்கள் குழம்பியதால் அப்படிச் செய்தோம் என்று நிறுவனம் சொன்னது. கெர்னல் எழுதுகிறவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். உரிமக் குறிப்பு பொய் சொன்னால், பிழை தேடுகிறவர் இருட்டில் கை துழாவ வேண்டியதாகிவிடும்.

சிடி வேஷம் போடும் டாங்கிள்

இனி அக்கா மகனின் டாங்கிளுக்கு வருவோம். அது கெட்டுப்போகவில்லை. யுஎஸ்பி டாங்கிள் தயாரித்தவர்கள் விண்டோஸ் பயனருக்காக ஒரு வசதி செய்தார்கள். செருகியவுடன் டாங்கிள் முதலில் சிடி டிரைவாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அந்தச் சிடியில் விண்டோஸ் டிரைவர் இருக்கும். அது நிறுவப்பட்டதும் டாங்கிளுக்கு ஒரு கட்டளை போகும். டாங்கிள் வேஷத்தைக் கலைத்து மோடமாக மாறும். லினக்ஸில் அந்தக் கட்டளையை யாராவது அனுப்பினால்தான் மாறும். அனுப்புகிறவர் இல்லையென்றால் சிடியாகவே உட்கார்ந்திருக்கும்.

அனுப்புகிற நிரலின் பெயர் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச். யோசுவா டீட்சே என்பவர் எழுதியது. எந்த டாங்கிளுக்கு என்ன கட்டளை என்ற நீண்ட பட்டியல் அதோடு வரும். பல டாங்கிள்களுக்குச் சிடியை வெளியே தள்ளச் சொல்லும் அதே 'எஜெக்ட்' கட்டளையே போதும். உபுண்டு போன்றவற்றில் இது பொதுவாக முன்பே இருக்கும். அக்கா மகன் டெபியனை மிகக் குறைந்த பொதிகளோடு (பொதி என்றால் நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு) நிறுவியிருந்தான். அதில் இது இல்லை.

"நெட் இல்லாம அதை எப்படி மாமா இறக்குறது?" என்றான். நியாயமான கேள்வி. போனை யுஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணைத்து, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கச் சொன்னேன். சில நொடியில் லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாக ஏற்றுக்கொண்டது. டிரைவர் எதுவும் தேடவில்லை. ஆண்ட்ராய்டு போன் டெதரிங்கில் பேசும் மொழி கெர்னலுக்கு முன்பே தெரியும். ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஓப்பன்பிஎஸ்டிக்கும் தெரியும். புதிதாக லினக்ஸ் போட்டு வைஃபை வரவில்லை என்று தவிக்கிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். இதில் நுழைந்து, குறைகிற பொதிகளை இறக்கிக்கொண்டு, பிறகு நிதானமாக மற்றதைப் பார்க்கலாம்.

பொதியை நிறுவியதும் டாங்கிளைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். அதற்கு முன்னும் பின்னும் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். யுஎஸ்பியில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி வரும். அதில் 'ஐடி' என்று போட்டு, நாலு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நாலு எழுத்து இருக்கும். முதல் நாலும் தயாரிப்பாளருக்கு, பின் நாலும் கருவிக்கு. எண்ணோடு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்தும் கலந்து வரும். பதினாறடிமான எண் என்பதால் அப்படி. டாங்கிள் வேஷம் கலைந்தால் முன் நாலும் அப்படியே இருக்கும், பின் நாலும் மாறும். பழைய ஹுவாவே டாங்கிள்கள் பலவற்றில் சிடியாக இருக்கும்போது பின் நாலு 1446 என்றும், மோடமானபின் 1001 அல்லது 1506 என்றும் காட்டும். அக்கா மகன் இரண்டு வரியையும் எனக்கு வாசித்துக் காட்டினான். பின் நாலும் மாறியிருந்தது.

மோடமான டாங்கிள் ஒரே போர்ட்டாக வராது. டிடிஒய்யுஎஸ்பி0, 1, 2 என்று இரண்டு மூன்று சீரியல் போர்ட்டுகளாகத் தன்னைக் காட்டும். ஒன்று தரவுக்கு, ஒன்று கட்டளைக்கு, ஒன்று பழுது பார்ப்பவருக்கு. மினிகாம் போன்ற நிரலில் கட்டளைப் போர்ட்டைத் திறந்து ஏடி என்று தட்டுங்கள். ஓகே வரும். 1981இன் அதே ஓகே. 'அனுமதி இல்லை' என்று வந்தால் பயப்பட வேண்டாம். டெபியனிலும் உபுண்டுவிலும் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறித் திரும்ப உள்ளே வந்தால் சரியாகிவிடும்.

அடுத்து ஏடி, கூட்டல் குறி, சிஎஸ்கியூ என்று தட்டினால் சிக்னல் அளவு வரும். 0 முதல் 31 வரை. 99 என்று வந்தால் மோடத்துக்கு அளக்கவே முடியவில்லை என்று பொருள். அதே போல ஏடி, கூட்டல் குறி, சிபிஐஎன், கேள்விக்குறி என்று தட்டினால் சிம் தயாரா, பின் எண் கேட்கிறதா என்று சொல்லும். திரையில் கம்பிக்கோடு காட்டும் எந்த நிரலும் அடியில் கேட்பது இந்த மாதிரியான கேள்விகளைத்தான்.

தினசரிப் பயன்பாட்டுக்கு இவ்வளவும் கையால் செய்ய வேண்டியதில்லை. நெட்வொர்க்மேனேஜரும் மோடம்மேனேஜரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். நீங்கள் கொடுக்க வேண்டியது, இணையத்துக்குள் நுழையும் வாசலைக் குறிக்கும் ஏபிஎன் பெயர் ஒன்றுதான். பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம். பழைய டாங்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜியோ 3ஜியோ கிடையவே கிடையாது. 4ஜியில் தொடங்கிய நிறுவனம் அது. ஏர்டெல் தன் 3ஜியை மூடிவிட்டது. அதனால் 3ஜி டாங்கிளில் அந்தச் சிம் ஏறவில்லையென்றால் லினக்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

பக்கவாட்டு ஸ்லாட்டும் உள்ளிருக்கும் ஸ்லாட்டும்

பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் ஏடிஎம் கார்டு நுழையும் அளவுக்கு ஒரு வாய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பிசி கார்டு ஸ்லாட். 1989இல் அமைந்த பிசிஎம்சிஐஏ என்ற கூட்டமைப்பு வகுத்தது. நீளம் 85.6 மில்லிமீட்டர், அகலம் 54. ஏடிஎம் கார்டின் அளவேதான். கனம் மட்டும் 3.3, 5, 10.5 மில்லிமீட்டர் என்று மூன்று வகை. 16 பிட்டில் தொடங்கி, 1995இல் 32 பிட் கார்ட்பஸ் ஆனது. கார்ட்பஸ் கார்டை அடையாளம் காண்பது சுலபம்: செருகும் முனையில் சிறு புடைப்புகளோடு தங்க நிறப் பட்டை ஒன்று ஓடும்.

மோடம் வாங்குகிறவருக்கு அந்தப் பட்டை ஓர் எச்சரிக்கை. பட்டை இல்லாத 16 பிட் மோடம் கார்டுகள் பெரும்பாலும் உள்ளே நிஜமான சீரியல் சிப் வைத்திருந்தன. லினக்ஸுக்கு அது இன்னொரு சீரியல் போர்ட், அவ்வளவுதான். பட்டை உள்ள மோடம் கார்டுகளில் வின்மோடம் வகை நிறைய இருந்தது.

லினக்ஸில் இந்த ஸ்லாட்டை முதலில் இயங்க வைத்தவர் டேவிட் ஹைண்ட்ஸ். அவர் எழுதிய பொதியில் கார்ட்மேனேஜர் என்ற சேவை இருந்தது. கார்டைச் செருகினால் லேப்டாப் ஒரு 'பீப்' கொடுக்கும்: கார்டை அடையாளம் கண்டாயிற்று. அடுத்த பீப் உயர்ந்த சுருதியில் வந்தால் கார்டு தயார். தாழ்ந்த சுருதியில் வந்தால் எங்கோ சிக்கல். திரையைப் பார்க்காமலே காதால் தெரிந்துகொள்ளலாம். இப்போதைய லினக்ஸில் அந்தச் சேவை இல்லை. கெர்னலே வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது பீப்பைப் போல ஒரே நொடியில் பதில் சொல்லும் ஏற்பாடு இப்போதும் இருந்தால் புதியவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

2003இல் எக்ஸ்பிரஸ்கார்டு வந்தது. 34 மில்லிமீட்டர், 54 மில்லிமீட்டர் என்று இரண்டு அகலம். அதன் உள்ளே பிசிஐ எக்ஸ்பிரஸும் யுஎஸ்பியும் இரண்டு தடமும் ஓடின. கார்டு எந்தத் தடத்தை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். 3ஜி கார்டுகள் யுஎஸ்பியைப் பிடித்தன. ஆகவே அவற்றை எல்எஸ்யுஎஸ்பியில் தேட வேண்டும். இந்தக் குழப்பம் இன்றும் உண்டு. வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த ஒரே கார்டில் வைஃபை பிசிஐ பட்டியலிலும் புளூடூத் யுஎஸ்பி பட்டியலிலும் வரும். ஒன்று ஓடி மற்றது ஓடாமல் போவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

உள்ளே இருக்கும் ஸ்லாட்டுகள் மினி பிசிஐ, மினி பிசிஐ எக்ஸ்பிரஸ், இப்போது எம்.2. எம்.2வில் முனையில் இருக்கும் வெட்டைப் பார்க்க வேண்டும். வைஃபை கார்டுக்கு ஏ, இ வெட்டு. மொபைல் நெட் கார்டுக்கு பி. எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் எம். அளவு எண்ணிலேயே இருக்கிறது: 2230 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம், மொபைல் நெட் கார்டு 3042ஆக இருக்கும். வெட்டு பொருந்தினால் கார்டு உள்ளே போகும். உள்ளே போனால் ஓடும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

இன்டெல்லின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 என்ற இரண்டு வைஃபை கார்டுகளைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சட்டெனத் தெரியாது. அதே அளவு, இரண்டும் இ வெட்டு ஸ்லாட்டில் நுழையும். 200 முழுமையான கார்டு. பிசிஐ எக்ஸ்பிரஸில் பேசும். இன்டெல், ஏஎம்டி எதிலும் ஓடும். 201இல் வைஃபையின் பாதி மூளை கார்டில் இல்லை. அது லேப்டாப்பின் இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது. கார்டில் இருப்பது ரேடியோப் பகுதி. அதற்கு ஏற்ற இன்டெல் லேப்டாப்பில் லினக்ஸிலும் நன்றாக ஓடும். ஏஎம்டி லேப்டாப்பில் செருகினால் கார்டு இருப்பதே தெரியாது. வேலையைக் கார்டிலிருந்து பிடுங்கி லேப்டாப்பிடம் கொடுத்த வின்மோடம் ஞாபகம் வருகிறதா? அடுத்த தலைமுறையில் 210 முழுக் கார்டு, 211 பாதிக் கார்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏறி இறங்கி வாங்குகிறவர்கள் இந்தக் கடைசி இலக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது கை வைக்கும் இடம் ஆன்டெனா முனை. முதலில் லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். கறுப்பு, வெள்ளை என்று இரண்டு மெல்லிய வயர், நுனியில் கம்மல் திருகாணி அளவு வட்டம். அதைக் கார்டின் வட்டத்துக்கு நேர் மேலே வைத்து, நகத்தால் செங்குத்தாக அழுத்த வேண்டும். 'டிக்' என்று விரலுக்குத் தெரியும். சாய்த்து அழுத்தினால் நடுவில் இருக்கும் ஊசி வளைந்துவிடும். மினி கார்டின் வட்டமும் எம்.2 கார்டின் வட்டமும் ஒரே அளவில்லை, எம்.2வில் இன்னும் சிறியது. மொபைல் நெட் கார்டு வாங்குமுன் லேப்டாப்பில் அதற்கான ஆன்டெனா வயரும் சிம் செருகும் இடமும் இருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஸ்லாட் இருந்தும் வயர் போடாத லேப்டாப்கள் நிறைய.

டிரைவர் இருந்தும் ஓடாதபோது

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ, ஓர் இடைவெளி, சிறு கோடு, என்என்கே என்று தட்டுங்கள். வைஃபைக்கான வரியைத் தேடிப் பிடியுங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200 என்றால் 8086:2723 என்ற எண் இருக்கும். 8086 இன்டெல்லின் அடையாளம், அவர்களுடைய பழைய பிராசசரின் எண். அந்த வரியின் கீழே 'பயன்பாட்டில் உள்ள கெர்னல் டிரைவர்' என்று ஒரு வரி. அதில் ஐடபிள்யூஎல்வைஃபை என்று இருந்தால் கெர்னல் கார்டை அடையாளம் கண்டுவிட்டது. அந்த வரியே இல்லையென்றால் டிரைவர் கிடைக்கவில்லை. இணையத்தில் தேடும்போது லேப்டாப் மாடலைப் போடாமல் இந்த இரண்டு எண்ணையும் போட்டுத் தேடுங்கள். நேராகப் பதிலுக்குப் போய்விடலாம்.

டிரைவர் வரி இருந்தும் வைஃபை வரவில்லையா? அப்படியென்றால் ஃபெர்ம்வேரைச் சந்தேகப்படுங்கள். டிரைவர் லேப்டாப்பின் பிராசசரில் ஓடுவது. ஃபெர்ம்வேர் கார்டுக்குள் இருக்கும் குட்டிப் பிராசசரில் ஓடுவது. பல கார்டுகள் தங்களிடம் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் டிரைவர் அதைக் கோப்பிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். கெர்னலின் குறிப்புகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையில் 'ஃபெர்ம்வேரை ஏற்ற முடியவில்லை' என்ற வரியும், குறைகிற கோப்பின் பெயரும் இருக்கும்.

அந்தக் கோப்புகளின் மூலநிரல் பெரும்பாலும் வெளியாவதில்லை. அதனால் டெபியன் நீண்ட காலம் நிறுவல் வட்டில் அவற்றைச் சேர்க்கவில்லை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்த்தார்கள். அதற்கு முன் டெபியன் போட்டு வைஃபை வராமல் கைவிட்டவர்கள் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம். ஓப்பன்பிஎஸ்டியில் எஃப்டபிள்யூ, அடிக்கோடு, அப்டேட் என்ற கட்டளை உங்கள் லேப்டாப்புக்குத் தேவையானதை மட்டும் இறக்கித் தரும். ஃபெர்ம்வேரே கேட்காத கார்டு வேண்டும் என்பவர்களுக்கு ஏதரோஸின் பழைய ஏஆர்9280, ஏஆர்9285 மினி கார்டுகள் உண்டு. லினக்ஸின் ஏடிஎச்9கே டிரைவர் அவற்றை வேறு எதுவும் கேட்காமல் ஓட்டும். வேகம் இன்றைய அளவுக்கு இல்லை. ஆனாலும் பழைய லேப்டாப்புக்கு என்னைக் கேட்டால் நான் கை காட்டுவது அவற்றைத்தான்.

இன்னொரு தடை, லேப்டாப்பை எழுப்பும் முதல் நிரலான பயாஸிலேயே இருக்கலாம். பழைய திங்க்பேட்களில் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டை மாட்டினால் 1802 என்ற பிழை வந்து, கார்டைக் கழற்றினால்தான் மேலே போகும். எச்பி லேப்டாப்களில் அதே காரணத்துக்கு 104 வரும். இது இயங்குதளம் எழும்புவதற்கு முன்பே நடப்பதால் லினக்ஸால் ஒன்றும் செய்ய முடியாது. பயாஸையே மாற்றி, கோர்பூட் என்ற திறந்த மாற்று நிரலைப் போடுகிறவர்கள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். புதியவர்கள் முதல் வாரத்திலேயே அதில் இறங்க வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த மாடலுக்கு எந்தக் கார்டு பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து அதை வாங்குவது நல்லது.

லேப்டாப்புக்குள் இருக்கும் 4ஜி மோடங்கள் இன்று பெரும்பாலும் எம்பிஐஎம் என்ற மொழியைப் பேசுகின்றன. யுஎஸ்பி கூட்டமைப்பு பொதுவில் வகுத்த மொழி அது. ஏடிக்குப் பிறகு மோடம் உலகத்துக்குக் கிடைத்த நல்ல பொது மொழி என்பேன். லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது. ஓப்பன்பிஎஸ்டியில் யுஎம்பி என்ற டிரைவர் பேசும். பிஎஸ்டியில் டிரைவரின் பெயரே இணைப்பின் பெயராகவும் வருவதால் ஐஎஃப்கான்ஃபிக் பட்டியலில் யுஎம்பி0 என்று பார்த்தவுடனே எந்த மொழி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். குவால்காம் சிப் உள்ளவை க்யூஎம்ஐ என்ற சொந்த மொழியும் பேசும். அதற்கும் லினக்ஸில் நல்ல டிரைவர் உண்டு.

மொழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபிபோகாம் எல்850 நல்ல சாட்சி. 2018 வாக்கில் வந்த சில திங்க்பேட்களில் இருந்த மோடம். இதே கார்டு யுஎஸ்பித் தடத்தில் எம்பிஐஎம் பேசும். அப்படிப் பேசினால் லினக்ஸில் சிக்கலில்லை. அந்த லேப்டாப்களிலோ அது பிசிஐ தடத்தில், வெளியே யாருக்கும் தெரியாத மொழியில் பேசுமாறு அமைந்திருந்தது. சிம் போட்டு, ஆன்டெனா இருந்து, சிக்னல் இருந்தும் லினக்ஸ் போட்டவர்கள் காத்திருந்தார்கள். தன்னார்வலர்கள் அந்த மொழியை வெளியிலிருந்து ஆராய்ந்து டிரைவர் எழுத வேண்டியிருந்தது. கார்டு ஒன்றுதான். மொழி மாறியதும் கதை மாறிவிட்டது.

மோடம் தெரிகிறது, சிம்மும் தெரிகிறது, ரேடியோ மட்டும் எழும்ப மறுக்கிறது என்றால் அது எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்கு ஆணையம்) பூட்டாக இருக்கலாம். லேப்டாப்பும் ஆன்டெனாவும் மோடமும் சேர்ந்து சான்று பெற்றவை என்பதால், சரியான லேப்டாப்பில்தான் இருக்கிறோம் என்று மென்பொருள் சொல்லும்வரை மோடம் ரேடியோவைத் திறக்காது. மோடம்மேனேஜர் முன்பு தானே திறந்துவிடும். 1.18.4 பதிப்பிலிருந்து அந்த முடிவைப் பயனரிடம் விட்டுவிட்டார்கள். திறக்கும் சிறு நிரல்கள் அதனுடனேயே வருகின்றன. உங்கள் மோடத்துக்கு உரியதை அமைப்பு அடைவில் இணைத்துவிட்டால் போதும்.

அக்கா மகனுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. பிஎஸ்என்எல்நெட் என்று கொடுத்ததும் இணைப்பு வந்தது, ஆனால் பக்கம் திறக்க ஊர்ந்தது. சிக்னல் எண்ணைக் கேட்டுப் பார் என்றேன். 9 என்றான். அறையில் கிடந்த யுஎஸ்பி நீட்டு வயரில் டாங்கிளை மாட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிடச் சொன்னேன். போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்ப வந்து தட்டினான். "17 மாமா." பிறகு அவன் பாட்டுக்கு எதையோ இறக்க ஆரம்பித்துவிட்டான்.